பழைய கலர் கண்ணாடிச் சாமான்: நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நம்ம பக்கத்துல அப்படி என்னதான் கிடைக்கும்?

நிறைய கிடைக்கும், ஆனா ஷோகேஸ்ல இருக்காது. மச்சுல, பத்தாயத்துக்குப் பின்னால, ஊறுகாய் பரணிக்குப் பக்கத்துல சாக்கு போட்டு மூடிக் கிடக்கும். 1956 நவம்பர் வரைக்கும் நம்ம மாவட்டம் திருவிதாங்கூர்ல (1949ல இருந்து திருவிதாங்கூர்-கொச்சி) இருந்ததால வாங்கல் விற்கல் எல்லாம் திருவனந்தபுரம், கொல்லம் பக்கம்தான் ஓடிச்சு, அதுபோக சிலோன், பர்மா, மலேயா போய்ட்டு வந்தவங்க பெட்டியில வந்தது தனி. அதனால ஒரே வீட்டு மச்சுல விளக்கு சிம்னி, தொங்கு விளக்கோட கலர் குளோப், மருந்து குப்பி, கோலி சோடா குப்பி, கல்யாணத்துக்கு வந்த டம்ளர் செட்டு, பூச்சாடி எல்லாம் கலந்து கிடக்கும். நல்ல சாமான் முக்காவாசி வீடு இடிக்கும்போது ஆக்கர் கடைக்குத்தான் (பழைய சாமான் எடை போட்டு எடுக்குற கடை) போகுது, அங்க கண்ணாடிக்கு கிலோ விலைகூட சரியா கிடையாது, ஓரமா தட்டிப் போட்டுருவாங்க.

வீட்டுப் பெரியவங்க எல்லாத்தையும் "பெல்ஜியம் கண்ணாடி"ங்கிறாங்களே, நிஜமா?

முகம் பாக்குற பெரிய கண்ணாடி, ஜன்னல் கண்ணாடின்னா இருக்கலாம், அந்தக் காலத்துல தகட்டுக் கண்ணாடி ஏற்றுமதியில பெல்ஜியம் பெரிய கை. ஆனா கலர் டம்ளர், பூச்சாடி, செண்டு குப்பி எல்லாம் பெல்ஜியம்னு சொன்னா நம்பாதீங்க. இந்தியாவுக்கு வந்த கலர் சாமான்ல பெரும்பங்கு போஹீமியாவுல இருந்து, அதாவது முதல்ல ஆஸ்திரியா, 1918க்கு அப்புறம் செக்கோஸ்லோவாக்கியா. அப்புறம் ஜப்பான். பெரிய சரவிளக்குன்னா பர்மிங்ஹாம் ஆஸ்லர் கம்பெனி, அவங்களுக்கு கல்கத்தாவுலயே கடை இருந்துச்சு. இதெல்லாம் போக நம்ம நாட்டுலயே செஞ்சது ஏராளம். யாரும் அதை "பழசு"ன்னு மதிக்கிறதில்ல, எனக்கு அதுலதான் வருத்தம். வியாபாரி பெல்ஜியம்னு சொன்னா "சரி அண்ணாச்சி, அடியைக் காட்டுங்க"ன்னு மட்டும் கேளுங்க.

அடியில அப்படி என்ன பாக்கணும்?

எல்லாமே அங்கதான் இருக்கு. கலரைப் பாத்து மயங்கி வாங்குறவன்தான் ஏமாறுறான், கலரை இன்னிக்கும் யார் வேணா போடலாம், அடியை அப்படி ஏமாத்துறது கஷ்டம்.

முதல்ல கவுத்திப் பிடிச்சு நடுவுல விரல் வச்சுப் பாருங்க. கையால ஊதின சாமான்னா இரும்புக் கம்பியில ஒட்டவச்சுப் பிடிச்சு வாயைச் சரி பண்ணி அப்புறம் தட்டி எடுப்பாங்க, அந்த இடத்துல ஒடஞ்ச தழும்பு ஒண்ணு கரகரன்னு இருக்கும். நல்ல சாமான்ல அந்தத் தழும்பை அரைச்சு வழவழன்னு குழி மாதிரி ஆக்கியிருப்பாங்க. இது இருந்தா கைவேலைன்னு சொல்லலாம், ஆனா பழசுன்னு முடிவு கட்டாதீங்க, இன்னிக்கும் கையால ஊதுற பட்டறை இருக்கு.

அடுத்து தேய்மானம். ஐம்பது அறுபது வருஷம் அலமாரியில எடுத்து வச்சு எடுத்து வச்சு இருந்த சாமானுக்கு அடி விளிம்புல, தரையைத் தொடுற இடத்துல மட்டும், பொடிப்பொடி கீறல் நாலா பக்கமும் ஓடும். லென்ஸ் வச்சுப் பாத்தா சின்னது, பெருசு, ஆழம், மேலோட்டம் எல்லாம் கலந்து தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேச்சதுன்னா எல்லாக் கீறலும் ஒரே பக்கமா ஒரே ஆழத்துல இருக்கும், தரையில படாத குழிக்குள்ளயும் இருக்கும். குழிக்குள்ள கீறல் பாத்தா சாமானை வச்சிட்டு வந்துருங்க.

மூணாவது முத்திரை. "மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா"ன்னு இருந்தா 1918க்கு அப்புறம், அந்த நாடு பிரிஞ்ச 1992 கடைசிக்கு முன்ன. "ஆக்குபைடு ஜப்பான்"னு இருந்தா, அதாவது யுத்தத்துல தோத்த ஜப்பான் நேச நாட்டுப் படை பிடியில இருந்தப்ப, 1945ல இருந்து 1952க்குள்ள, இது ரொம்ப வசதியான முத்திரை. பிரிட்டிஷ் சாமான்ல ஆர்டி (Rd) போட்டு நம்பர் இருந்தா 1884ல இருந்து வந்த பதிவு எண், அதுக்கு முன்ன 1842ல இருந்து 1883 வரைக்கும் வைர வடிவத்துல ஒரு முத்திரை போட்டாங்க. நங்கூரத்து மேல ஹெச் எழுத்து இருந்தா அமெரிக்காவோட ஆங்கர் ஹாக்கிங். ஒண்ணும் இல்லைன்னா பயப்பட வேண்டாம், பழைய கண்ணாடியில பெரும்பாலும் முத்திரையே கிடையாது, ஒட்டின பேப்பர் லேபிள் எப்பவோ கழுவிப் போயிருக்கும்.

உள்ள குமிழி இருந்தா பழசுதானே?

இல்ல. குமிழி வேணும்னே விட்டு இப்பவும் செய்யுறாங்க.

குப்பியோட பக்கத்துல ஒரு கோடு ஓடுதே, அது எதுக்கு?

அது அச்சு சேருற இடம். குப்பிக்கு வயசு பாக்க இதவிட லேசான வழி இல்ல. கோடு கழுத்தோட நின்னு வாய் விளிம்புல இல்லாம இருந்தா வாயைத் தனியா கையால செஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். வாய் விளிம்பு வரைக்கும் ஏறி மேலயும் கோடு தெரிஞ்சா முழுக்க மிஷின். மைக்கேல் ஓவன்ஸோட தானியங்கி மிஷின் அமெரிக்காவுல 1903ல வந்தது, மத்த இடங்களுக்குப் பரவ நாள் எடுத்துச்சு. நம்ம நாட்டுல கைவேலை ரொம்பப் பிந்தியும் நடந்ததால, இந்தியக் குப்பியில கோடு கழுத்தோட நிக்கிறதை மட்டும் வச்சு 1900க்கு முன்னன்னு அடிச்சு விடாதீங்க.

கலர் எதுல இருந்து வருது? கலரை வச்சு வயசு சொல்ல முடியுமா?

வயசு சொல்ல முடியாது, ஆனா என்ன சேத்திருக்காங்கன்னு தெரிஞ்சா தரம் புரியும். ஆழ்ந்த நீலம் கோபால்ட், ரொம்பக் கொஞ்சம் போட்டாலே போதும். சாதா குப்பிப் பச்சை மணல்ல இருக்குற இரும்பால தானா வரும், பளிச்சுன்னு மரகதப் பச்சைன்னா குரோமியம். தேன் கலர் இரும்பு, கந்தகம், கரி மூணும் சேந்து. ஊதா மாங்கனீஸ். சிவப்புதான் செலவு பிடிச்சது, நல்ல ரோஜாச் சிவப்புக்கு தங்கத்தைக் கரைச்சுச் சேப்பாங்க, முதல்ல கலர் தெரியாது, திரும்பச் சூடு காட்டினாத்தான் சிவப்பு எழும்பும். பிற்காலச் சிவப்பு செலினியம், காட்மியம்.

ஒரு விஷயம் மறக்காதீங்க. கலர் கண்ணாடி முழுக்க இருக்கா, மேல மட்டும் இருக்கான்னு பாக்கணும். போஹீமியா சிவப்புச் சாமான்ல நிறைய, கலர் இல்லாத வெள்ளைக் கண்ணாடி மேல மெல்லிசா சிவப்பு ஏத்தி, அதை வெட்டி உள்ள இருக்குற வெள்ளை தெரியுற மாதிரி பூவேலை செஞ்சது. வாய் விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரா பக்கவாட்டுல பிடிச்சா அடுக்கு தெரியும். அது நல்ல வேலை. இப்ப வர்ற மட்டச் சாமான்ல ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சு விக்கிறாங்க, அடி ஓரத்துல நகம் வச்சுச் சுரண்டினா உரியும்.

யூவி டார்ச் அடிச்சா பச்சையா எரியுதே, அது யுரேனியமா? வீட்டுல வைக்கலாமா?

மஞ்சப்பச்சைக் கண்ணாடி கள்ளநோட்டு பாக்குற டார்ச்சுல கண்ணைப் பறிக்கிற பச்சையா ஜொலிச்சா யுரேனியம்தான். 19ம் நூற்றாண்டு போஹீமியாவுல இருந்து இதைச் செய்றாங்க, பெரும்பாலும் 2 சதவீதத்துக்குள்ளதான் சேப்பாங்க. அமெரிக்காவுல யுத்த நேரத்துல யுரேனியத்தை அரசாங்கம் எடுத்துக்கிட்டதால 1943ல இருந்து 1958 வரை கண்ணாடிக்குக் கிடைக்கல.

டார்ச் வாங்கினா 365 நானோமீட்டர்னு போட்டது வாங்குங்க, 395 டார்ச்சுல ஊதா வெளிச்சமே அதிகமா வந்து குழப்பும். மாங்கனீஸ் சேத்த கண்ணாடியும் 365ல மங்கலா பச்சை காட்டும், அதைப் பாத்து யுரேனியம்னு துள்ளாதீங்க, யுரேனியம் மங்கலா இருக்காது. மஞ்சளா ஆரஞ்சா எரிஞ்சா காட்மியமா இருக்கலாம். டார்ச்சை கண்ணுக்கு நேரா காட்டாதீங்க, பிள்ளைங்க கையில குடுக்காதீங்க.

அலமாரியில வச்சுப் பாக்குறதுக்கு ஒரு பயமும் இல்ல. ஆனா அதுல தினமும் சாப்பிடாதீங்க, முக்கியமா எலுமிச்சை ஜூஸ், ஊறுகாய், மோர் மாதிரி புளிப்பு ஊத்தி வைக்காதீங்க. ஒடஞ்ச விளிம்பை அரைக்கிறது, ஓட்டை போடுறது கண்டிப்பா கூடாது, தூசி மூக்குல போகும்.

தேன் கலர்ல, மேல வானவில் மினுக்கத்தோட ஒரு டம்ளர் செட்டு பாட்டி வச்சிருந்தா. அது என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உக்காந்தேன்.

அது கார்னிவல் கிளாஸ். சூடா இருக்கும்போதே இரும்பு, வெள்ளீயம் இதுகளோட உப்புக் கரைசலைத் தெளிச்சு எடுக்குறது, அதனால மழைத் தண்ணியில மண்ணெண்ணெய் விழுந்தா மினுங்குமே அந்த மாதிரி கலர் ஓடும். அமெரிக்காவுல ஃபென்டன் கம்பெனி 1907 வாக்குல தொடங்கி வச்சது. ஆனா உங்க பாட்டியோட டம்ளர் அமெரிக்காவா இருக்க வாய்ப்பு கம்மி, உத்தரப் பிரதேசம் ஃபிரோசாபாத்தா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. வளையல் ஊருன்னுதான் எல்லாருக்கும் தெரியும், ஆனா அங்க 1928ல தொடங்கின ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ் இந்த மினுக்கச் சாமானை 1930கள்ல இருந்து போட்டுத் தள்ளியிருக்கு, 1980கள் வரைக்கும் கம்பெனி ஓடிச்சு. இன்னிக்கு ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இங்கிலாந்துல இதுக்குன்னே தேடுற ஆளுங்க இருக்காங்க, நம்ம ஆளுங்க இதுல வெத்தலைச் சுண்ணாம்பு போட்டு வச்சிருக்காங்க.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? கையில எடுத்ததும் தெரியும், லேசா இருக்கும். அமெரிக்க கார்னிவல் அழுத்திச் செஞ்சது, கனமா இருக்கும். ஃபிரோசாபாத் டம்ளர் அச்சுக்குள்ள ஊதினது, சுவர் மெல்லிசு, உள்பக்கம் விரல் விட்டா வெளிப்பக்கப் பூவேலை உள்ளயும் குழிஞ்சு தட்டுப்படும். வாய் விளிம்பு உருக்கி உருட்டினதா இல்லாம வெட்டித் தேச்சதா இருக்கும். பூவேலையில சில பகுதி மினுக்கமாவும் சில பகுதி பனி படிஞ்ச மாதிரி மங்கலாவும் விட்டிருப்பாங்க, இந்த ரெண்டும் கலந்த வேலை நம்ம நாட்டு அடையாளம். திராட்சைக் கொடி, பூ, இலை, முத்து வரிசை எல்லாம் பாக்கலாம். சிலதுல அடியில இங்கிலீஷ் எழுத்துல "ஜெயின்"னு அச்சுலயே இருக்கும், பாசி படிஞ்சு மூடியிருந்தா பல் தேய்க்குற பழைய பிரஷ் வச்சுத் தேயுங்க.

டம்ளரவிட பூச்சாடிக்குத்தான் மவுசு. மீன் நிமிந்து நிக்குற மாதிரி ஒண்ணு, யானைத் தலையும் தும்பிக்கையுமா ஒண்ணு, ஒரு கை பூச்சாடியைப் பிடிச்சிருக்குற மாதிரி ஒண்ணு. தும்பிக்கை ஒடஞ்சதுன்னாலும் எடுத்து வையுங்க.

டிப்ரஷன் கிளாஸ்னு யூட்யூப்ல காட்டுறாங்களே, நம்ம ஊருல கிடைக்குமா?

அபூர்வம். அது 1929 பொருளாதாரச் சரிவுக்கு அப்புறம் அமெரிக்காவுல மலிவா மிஷின்ல அடிச்ச பிங்க், பச்சை, தேன் கலர் தட்டு கோப்பை. ஓட்ஸ் டப்பாவுக்குள்ளயும் சினிமா டிக்கெட்டோடவும் இலவசமா குடுத்தாங்க. ஜெனெட், ஹாக்கிங், ஹேசல் அட்லஸ், ஃபெடரல் இவங்கதான் பெரிய கம்பெனிங்க. மிஷனரி குடும்பங்க விட்டுட்டுப் போனது, வெளிநாட்டுல இருந்து திரும்பினவங்க கொண்டு வந்ததுன்னு ஒண்ணு ரெண்டு வரலாம். ஆனா செர்ரி ப்ளாசம் மாதிரி பேர் போன டிசைனுக்கு 1970கள்ல இருந்தே நகல் வருது, பூவும் இலை நரம்பும் மழுங்கலா இருந்தா கையை எடுத்துருங்க. கடையில பிங்க் கலர் கண்டதும் டிப்ரஷன்னு சொல்றாங்க, கேட்டுச் சிரிச்சிட்டு வந்துருங்க.

நீலக் குப்பி கிடைச்சிருக்கு, விஷக் குப்பியா?

ஆறு பட்டையா, பட்டையில வரிவரியா எழும்பி, "நாட் டு பி டேக்கன்" (உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது)னு எழுத்து அச்சுல இருந்தா ஆமா. இருட்டுல தடவினாலே குடிக்கிற மருந்து இல்லைன்னு தெரியணும்னு பிரிட்டன்ல இப்படிச் செஞ்சாங்க, நீலம், பச்சை ரெண்டுலயும் உண்டு. நெய்யூர்ல 1838லயே மிஷன் வைத்தியம் தொடங்கினதால நம்ம பக்கம் சீமை மருந்துக் குப்பி புழக்கம் ரொம்பப் பழசு. உள்ள ஏதாவது காஞ்சு ஒட்டியிருந்தா கையால தொடாதீங்க, மோந்து பாக்காதீங்க.

மத்தபடி குட்டையா வாய் அகலமா நீலமா இருந்தா அது பெரும்பாலும் விக்ஸ் டப்பாவாக்கும். அதுவும் அழகுதான், விலை மட்டும் கிடையாது.

கோலி சோடா குப்பிக்கு மதிப்பு உண்டா?

கோலி உள்ளயே இருந்து வாய் ஒடையாம இருந்தா உண்டு. ஹைராம் காட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1872ல காப்புரிமை வாங்கினது. உள்ள இருக்குற கேஸ் கோலியை மேல தள்ளி வாயில இருக்குற ரப்பர் வளையத்துல அடைச்சுக்கும், அவ்வளவுதான் சங்கதி, கார்க்கும் வேண்டாம் மூடியும் வேண்டாம். கழுத்துல ரெண்டு குழி இருக்கு பாருங்க, குடிக்கும்போது கோலி உருண்டு வந்து மறிக்காம அதுல தங்குறதுக்கு. சின்னப் பிள்ளைங்க கோலிக்காகவே ஒடச்சுப்போட்டதால முழுக் குப்பி குறைவு. பச்சைத் தண்ணிக் கலர் சாதாரணம், கம்பெனி பேரும் ஊர்ப் பேரும் எழும்பின எழுத்துல இருந்தா எடுத்து வையுங்க.

ரயில்வே விளக்குக் கண்ணாடி நாகர்கோவில் பக்கம் ஏன் வரவே மாட்டேங்குது?

நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979ல, அப்ப எண்ணெய் விளக்குக் காலம் முடியுற நேரம். செங்கோட்டை பக்கம் போங்க, கொல்லம் செங்கோட்டை லைன் 1904லயே திறந்தாச்சு, அந்தப் பக்கம் இன்னும் கை விளக்கு தலை காட்டும். பச்சை லென்ஸை வெயில்ல பாத்தா நீலமா தெரியுதேன்னு கேக்குறாங்க, சரிதான், மண்ணெண்ணெய் தீ மஞ்சளா இருக்கும், நீலப்பச்சைக் கண்ணாடி வழியா வந்தாத்தான் வெளிய பச்சையா தெரியும். புதுசா மாத்திப் போட்ட லென்ஸ் பகல்லயே நல்ல பச்சையா இருக்கும்.

வெள்ளைக் கண்ணாடிக் குப்பி வெயில்ல ஊதா ஆகுமாமே?

ஆகும். மணல்ல இருக்குற இரும்போட பச்சை தெரியாம இருக்க மாங்கனீஸ் சேத்தாங்க, முதல் உலகப் போர் வாக்குல அது குறைஞ்சு செலினியத்துக்கு மாறினாங்க. மாங்கனீஸ் போட்டது வெயில்ல வருஷக்கணக்கா கிடந்தா மெதுவா ஊதா ஏறும். இப்ப ஆஸ்பத்திரி கருவி மாதிரி கதிர் பாய்ச்சி செயற்கையா கரு ஊதா ஆக்கியும் விக்கிறாங்க. வெயில்ல வந்தது இளசா இருக்கும்.

பத்மநாபபுரம் அரண்மனை ஜன்னல்ல இருக்குறதும் கலர் கண்ணாடிதானே?

மந்திரசாலை, அதாவது ராஜா ஆலோசனை நடத்துற மண்டபத்து ஜன்னலைச் சொல்றீங்க. அது மைக்கா (காக்காப்பொன்), கண்ணாடி இல்ல, கலர் மைக்காத் தகடு, சூடும் தூசியும் வராம இருக்க வச்சது. நம்ம மாவட்டத்துல இருந்தாலும் பராமரிப்பு கேரளா தொல்லியல் துறை. நம்ம வீட்டு வாசலுக்கு மேல அரைவட்டத்துல இருக்கும் பாருங்க, சிவப்பு, நீலம், பச்சைத் துண்டு, அது கண்ணாடி. வீடு இடிக்கும்போது சட்டத்தோட கழட்டச் சொல்லுங்க, தனியா பிடுங்கினா ஒண்ணும் மிஞ்சாது.

கழுவுறது எப்படி?

பிளாஸ்டிக் பேசின்ல துண்டு விரிச்சு, வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட். ஒண்ணொண்ணா கழுவுங்க. சுடுதண்ணி ஊத்தினா பழைய கண்ணாடி டப்புன்னு விடும். பிளீச்சு, அமோனியா, கம்பி நார் வேண்டவே வேண்டாம், மினுக்கமும் தங்கக் கோடும் அதோட போச்சு. டிஷ்வாஷரா, அதை நினைக்கவே நினைக்காதீங்க.

உள்ள வெள்ளையா படிஞ்சிருந்தா ரெண்டு வகை. கிணத்துத் தண்ணி உப்புக்கறைன்னா வினிகர் ஊத்தி ராத்திரி வச்சா கரையும். அதுலயும் போகலைன்னா கண்ணாடியே அரிச்சுப் போயிருக்கு, ஈரத்துல கண்ணாடிக்குள்ள இருக்குற காரம் வெளிய வந்து மேல்தோல் போயிருச்சு. கடையில எண்ணெய் தடவி மறைச்சு வச்சிருப்பாங்க, விரல்ல வழுக்குனா சந்தேகப்படுங்க.

நமக்கு ரெண்டு மழைக்காலமும் உண்டுங்கிறதால பேப்பர் சுத்தி அட்டைப் பெட்டியில அடைச்சு வைக்கிறது மோசமான வழி, பேப்பர் ஈரத்தை இழுத்து வச்சுக்கும். குப்பி, டிகாண்டரை (மது ஊத்தி வைக்கிற மூடி போட்ட கண்ணாடிச் சாடி) மூடி போட்டு வைக்காதீங்க. நல்லா காயவச்சு, காத்து போற அலமாரியில, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகாம வச்சா போதும்.

விலை என்ன வரும்?

படம் அனுப்பி விலை கேக்காதீங்க மக்களே. அதே சாமானுக்கு ஆக்கர் கடையில ஒரு விலை, காரைக்குடியில ஒரு விலை, கொச்சி மட்டாஞ்சேரி ஜூ டவுன்ல டூரிஸ்ட் விலை. விலையைக் குறைக்கிறது எதுன்னு மட்டும் சொல்றேன்: வாய் விளிம்பு பேந்தது, மயிரிழை விரிசல், ஜோடியில ஒண்ணு இல்லாதது, விளக்குன்னா பித்தளைப் பிடி மாத்தினது. விரிசல் பாக்க, விளிம்பு முழுக்க நகத்தால சுத்திட்டு வாங்க, அப்புறம் லேசா சுண்டுங்க, நல்லதுன்னா ஓசை நீளும், விரிசல்னா சப்புன்னு அடங்கும்.

துபாய்ல இருக்குற மகனுக்கு அனுப்பலாமா?

நூறு வருஷத்துக்கு மேலானதுன்னா 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வந்துரும், தனி ஆளு வெளிநாட்டுக்குக் கொண்டு போக முடியாது. பரம்பரைச் சொத்துன்னு சொன்னாலும் ஏர்போர்ட்டுல எடுத்து வச்சுக்குவாங்க. நூறு வருஷத்துக்குள்ளன்னாலும் பாக்க பழசா இருந்தா நிறுத்திக் கேப்பாங்க, அதுக்கு இந்தியத் தொல்லியல் துறையில காட்டி, தொல்பொருள் இல்லைன்னு சான்றிதழ் வாங்கிக்கலாம். ஃபிரோசாபாத் டம்ளர்னா அந்த நூறு வருஷச் சிக்கல் வராது. ஆனா டம்ளருக்குள்ளயும் துணி திணிச்சு, ஒண்ணுக்கொண்ணு தொடாம, பெட்டிக்குள்ள பெட்டியா பேக் பண்ணுங்க, கூரியர்ல ஒடஞ்சா அவங்க தர்ற இன்சூரன்ஸ் பணம் பெட்டிக் காசுக்குக்கூட காணாது.